நான் திருப்பின பக்கம்

"சுத்தியலைக் கீழ வை, லெஸ்."

"ஒரே தட்டு, அண்ணி. உள்ள போயிரும்."

"கீழ வைன்னு சொன்னேன்."

லெஸ் வைத்தான். வைத்த வேகத்தில் சுத்தியல் கராஜின் சிமெண்டுத் தரையில் ஒருமுறை துள்ளிப் படுத்தது. டோரீன் தலை நிமிரவில்லை. பானெட் இல்லாத காரின் பக்கவாட்டில் வயிறு அழுந்தக் குனிந்து, என்ஜினுக்கும் சேசிஸ் குழாய்க்கும் நடுவே இருந்த சந்தில் கையை முழங்கை வரை விட்டிருந்தாள். லெஸ் காருக்குள் வெறும் தகரத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்டியரிங் தண்டைப் பிடித்திருந்தான். தண்டின் கீழ்முனையில் பற்கள் வெட்டியிருக்கும். அந்தப் பற்கள், தண்டை முன்சக்கரங்களோடு இணைக்கிற ஜாயின்ட்டின் வாய்க்குள் கொஞ்சம் போய், அதற்கு மேல் போக மாட்டேன் என்று நின்றுவிட்டன.

"தண்டுக்குள்ள பிளாஸ்டிக் ஆணி இருக்கு," என்றாள். "எங்கயாவது மோதினா அது உடையணும், தண்டு மடங்கணும், ஓட்டறவன் நெஞ்சுல ஏறக் கூடாது. அதுக்குத்தான் வச்சிருக்கான். நீ இப்ப அடிச்சா இப்பவே உடையும்."

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?"

"பத்து வருஷத்துக்கு மேல சாப்பாட்டு மேஜையில வேற என்ன பேச்சு ஓடுச்சுன்னு நெனக்கிறே?"

லெஸ் லாரி ஷெட்டில் நாற்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன். அங்கே நுழையாததை எல்லாம் சுத்தியலால் நுழைப்பார்கள். டோரீன் போல்ட் தொழிற்சாலையில் முப்பது வருஷம். அச்சு இயந்திரத்திலிருந்து கொட்டும் போல்ட்டையும் நட்டையும் விரலால் தடவிப் பார்த்து, சரியில்லாததை எறிவது அவள் வேலை. இடது பக்கம் திருப்பினால் கழலும், வலது பக்கம் திருப்பினால் இறுகும். அவள் வாழ்க்கையில் மாறாத சமாச்சாரம் அது ஒன்றுதான் என்று அவளே சொல்வாள்.

ஜாயின்ட்டின் வாயில் நீளமாக ஒரு பிளவு உண்டு. அதில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பி வைத்துக்கொண்டு, பற்களில் எண்ணெய் விட்டாள்.

"இப்பத் தள்ளு. மெதுவா. ஆட்டி ஆட்டி."

தண்டு முனகிக்கொண்டே இறங்கியது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். தண்டின் பக்கத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டுப்பள்ளம் இருக்கும். போல்ட் அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். உட்காராமல் போனாலும் இறுகத்தான் செய்யும், நன்றாகப் பிடித்த மாதிரியே இருக்கும். ஒருநாள் சாலையில் ஸ்டியரிங் மட்டும் கையோடு வந்துவிடும். பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டதும் போல்ட்டைச் செருகினாள்.

அப்போதுதான் ஜாயின்ட்டின் உடம்பில் இருந்த தழும்பைப் பார்த்தாள். பிளையர் பல் கடித்த மாதிரி நாலைந்து கோடுகள். புது ஜாயின்ட்டை யார் கடித்தது என்று நினைத்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. நேரம் இல்லை.

முன்னறையில் அவள் புருஷன் வில்ஃப் செத்துக்கொண்டிருந்தான்.

அவன் வேலை பார்த்த இரும்பு வார்ப்பட்டறையின் மண் நுரையீரலில் சேர்ந்து வருஷக்கணக்காயிற்று. கிறிஸ்துமஸுக்குப் பிறகு மாடி ஏற முடியவில்லை. கட்டிலைக் கீழே முன்னறையில், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டார்கள். நேற்றிலிருந்து அரிசிப் பாயசம்கூட இறங்கவில்லை. காலையில் நர்ஸ் பெர்னடெட் வந்து, ஊசி மருந்துப் பெட்டியை மாற்றிவிட்டு, டோரீனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்: "இன்னிக்கு எங்கயும் வெளிய போகாதீங்க, டோரீன்."

"கராஜுக்குப் போகலாம்ல?"

நர்ஸ் அவளைப் பார்த்தாள். "போகலாம்," என்றாள். "கூப்பிட்டா காதுல விழற தூரம்தானே?"

அந்தக் காரைப் பற்றி நெதர்ட்டன் ஊர் முழுக்கத் தெரியும். பழைய எஸ்கார்ட் கார் ஒன்றைப் பிரித்து, சேசிஸும் தகரமும் பெட்டி பெட்டியாக வரவழைத்து, வில்ஃப் வீட்டிலேயே கட்டிய கார். கூரை கிடையாது, கதவு கிடையாது. இரண்டு பேர் தரையோடு தரையாக உட்காரலாம். இன்னும் ஓடினதில்லை. பக்கத்து வீட்டு ரெக்தான் முக்கு பப்பில் வைத்து அந்தக் கேலியைக் கிளப்பிவிட்டது. "வில்ஃப் வீட்டுக் கேட்டை எது முதல்ல தாண்டும்? காரா, சவப்பெட்டியா?" எல்லாரும் சிரித்தார்கள். வில்ஃபும் சிரித்தான். வீட்டுக்கு வந்து அவனே டோரீனிடம் சொன்னான்: "பெட்டிக்குள்ள யாருடான்னு கேட்டேன் புள்ள. அட, நீதான்டாங்கறான்." அப்போது அவனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உடம்புக்கு வந்த பிறகு அதை யாரும் சொல்லவில்லை. அவன் பப்புக்குள் நுழைந்தால் கார்ப் பேச்சே நின்றுபோனது. வில்ஃப் பப்புக்குப் போவதை நிறுத்திக்கொண்டான்.

டோரீன் அதைப் பற்றி யாரோடும் சண்டை போடவில்லை. காரில் மிச்சம் இருந்த வேலை என்ன என்று மட்டும் பார்த்தாள். என்ஜின் உட்கார்ந்திருந்தது. சக்கரம் நாலும் இருந்தன. ஹேண்ட் பிரேக் பிடித்தது. ஸ்டியரிங் தண்டு மட்டும் எண்ணெய்த் துணி சுற்றி அலமாரி உச்சியில் கிடந்தது, மூன்று வருஷமாக. மாட்டாமல் வைத்திருந்தான்.

மாட்டப் போகிறேன் என்று போன வாரம் சொன்னபோது வில்ஃப் தலையை ஆட்டினான். "வேண்டாம் புள்ள. விட்டுரு." மூச்சுக்கு நடுவே சொன்னான். சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நேற்றும் சொன்னான்: "அந்தத் தண்டை விடு." அவள் விடவில்லை.

லெஸும் ஒரு வழி சொன்னான். "தண்டு எதுக்கு, அண்ணி? ஆறு பேரைக் கூட்டிட்டு வரேன். தூக்கி வச்சிரலாம் ரோட்ல."

"ஆறு பேர் தூக்கிட்டுப் போறது பெட்டிடா," என்றாள் டோரீன். "தானா திரும்பிப் போறதுதான் காரு."



*

மேல் பிராக்கெட்டின் இரண்டு போல்ட்டையும் முறுக்கியதும் லெஸ் காரை விட்டு வெளியே வந்தான். முட்டி இரண்டும் சொடக்குப் போட்டன. டோரீன் ஸ்டியரிங் சக்கரத்தைத் தண்டின் தலையில் வைத்து நட்டை இறுக்கினாள். ஜாம் பாட்டிலில் கிடந்த எஸ்கார்ட் சாவியைத் துடைத்துப் போட்டுத் திருப்பினாள். ஸ்டியரிங் பூட்டு 'டக்' என்று விட்டது. பாவாடையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு காருக்குள் இறங்கி, ஒரு மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

லெஸ் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து சக்கரங்களைப் பார்த்தான்.

"இடதா திருப்புங்க."

திருப்பினாள். லேசாகத்தான் இருந்தது. தொய்வே இல்லை. மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது.

"இடதுன்னேன், அண்ணி."

"இடதுதான் திருப்பறேன்."

"அது வலது."

"எது இடதுன்னு எனக்குத் தெரியாதா? இந்தா, மோதிரம் போட்ட கை. இந்தப் பக்கம்தான் திருப்பறேன்."

லெஸ் எட்டிப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். "இப்ப வலது திருப்புங்க," என்றான், குரல் இறங்கி. அவள் வலது பக்கம் திருப்பினாள். முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து, அழகாக, இடது பக்கம் திரும்பின.

லெஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாய்ந்து காருக்கு அடியில் எட்டிப் பார்த்தான். "சக்கரத்தைத் திருப்பற ரேக், அச்சுக்கு முன்னாடி இருக்கணும். ரேடியேட்டர் இடிச்சிருக்கு போல. பின்னாடி கொண்டுபோய்ட்டான். சக்கரத்துலருந்து வர்ற கை எட்டணுமேன்னு, இடது கையை வலதுக்கும் வலது கையை இடதுக்கும் மாத்தி மாட்டிட்டான்."

"அதனால?"

"அதனால எல்லாம் அளவெடுத்த மாதிரி பொருந்திருச்சு. திரும்பறது மட்டும் தலைகீழாயிருச்சு." சிரிப்பு வந்தது அவனுக்கு, அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "எங்க அண்ணன். ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் தோட்டத்து கேட்லருந்து குழந்தை வண்டி வரைக்கும் சரி பண்ணிக் குடுத்தவன்."

டோரீன் சிரிக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி, பக்கவாட்டுக்கு வந்து மறுபடி குனிந்து ஜாயின்ட்டைப் பார்த்தாள். பிளையர் கடித்த தழும்பு. பிளையரைப் போட்டுப் பிடித்து ஜாயின்ட்டைச் சுற்றினால், தண்டு இல்லாமலே சக்கரம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடலாம்.

"லெஸ், இந்தத் தழும்பு உன்னுதா?"

"நான் இன்னிக்குத்தான் இந்தப் பக்கம் வரேன்."

அவள் அந்தக் கோடுகளைக் கட்டைவிரலால் தடவினாள். முனையெல்லாம் மழுங்கி, மேலே தூசி படிந்து எண்ணெய் காய்ந்திருந்தது. பழைய தழும்பு. அலமாரி உச்சியில் துணி சுற்றிக் கிடந்த தண்டு நினைவுக்கு வந்தது. விடு புள்ள, அந்தத் தண்டை விடு.

"சரி பண்ண எவ்வளவு நேரம்?"

"முன்பக்கம் மொத்தமும் பிரிக்கணும். ரேக் உக்கார்ற இடத்தை வெட்டி முன்னாடி வெல்டு வைக்கணும். ரெண்டு நாள்."

"நம்மகிட்ட ரெண்டு நாள் இல்ல."

"தெரியும்."

"அப்ப இப்படியேதான் போவுது."

லெஸ் எழுந்தான். "அண்ணி, டிரைவ்வே பாத்தீங்கல்ல? வீட்டுச் சொவரை ஒட்டி வந்து, மூலையில இடது வளைஞ்சு, ஜன்னல் முன்னாடி போயி கேட். சரிவு வேற. வளையற எடத்துல தப்புனா சொவரு. கேட்டுல தப்புனா தூணு. ரெக் அவன் வாசல்ல நிப்பான். தலைகீழ்னு தெரிஞ்சா, செத்த பெறகும் எங்க அண்ணன விட மாட்டாங்க. பப்புல மூணு தலைமுறைக்குப் பேசுவாங்க."

"அதான் தெரியக் கூடாது."

"நான் ஓட்டறேன், குடுங்க." காருக்குள் இறங்கி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். "சொல்லுங்க."

"இடது."

அவன் கை இடது பக்கம் போனது. நிறுத்தினான். "இன்னொரு தடவ."

"இடது."

மறுபடி இடது பக்கம்தான் போனது. லெஸ் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தான், யாரோ கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போன மாதிரி. "நாப்பது வருஷக் கை, அண்ணி. சொன்னா கேக்காது."

"எறங்கு," என்றாள் டோரீன். "எனக்குத்தான் கார் ஓட்டவே தெரியாதே. என் கைக்கு மறக்க ஒண்ணும் இல்ல."

அவள் உட்கார்ந்தாள். லெஸ் முன்னால் நின்று இடது வலது என்று மாற்றி மாற்றிச் சொல்ல, அவள் எதிர்ப்பக்கம் திருப்பிப் பழகினாள். முதலில் ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு கையைப் பார்ப்பதை விட்டுக் காரின் மூக்கை மட்டும் பார்த்தாள். மூக்கு போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தோளைக் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. இடது என்ற சொல்லே அவளுக்கு வலது பக்கத் தோளில் வந்து விழுந்தது.

*

"டோரீன்," என்று பெர்னடெட் பின்கதவிலிருந்து கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை. டோரீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே போனாள்.

வில்ஃபைத் தலையணை அடுக்கி உட்கார வைத்தது போல் சாய்த்திருந்தார்கள். மூக்கில் குழாய். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது வருமா என்று அறையே காத்திருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. அவள் கையைத்தான் பார்த்தான். நக இடுக்கில் கிரீஸ்.

ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டாள். பெர்னடெட் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"போட்டுட்டியா?" என்றான்.

"போட்டாச்சு."

அவன் கண்ணை மூடினான். மூச்சு போய் வந்தது. மறுபடி திறந்தபோது அவளை நேராகப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் திரும்புச்சு?"

டோரீன் பஞ்சைக் கிண்ணத்தில் பிழிந்தாள். தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. இன்னொரு தடவை நனைத்து, இன்னொரு தடவை பிழிந்தாள்.

"நான் திருப்பின பக்கம்தான்," என்றாள்.

அவன் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். ரெக்கின் நாய் வெளியே ஒரு தடவை குரைத்து நிறுத்தியது. எந்த நாள் பிளையரைப் போட்டுப் பார்த்தாய், ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.  அவனுக்குச் சொல்ல மூச்சும் இல்லை. இருந்த மூச்சை அவன் வேறு விஷயத்துக்குச் செலவழித்தான்.

"வலது தூணு," என்றான். "கொஞ்சம்... உள்ள வந்திருக்கும். பாத்து."

"பாத்துக்கறேன்யா."

திரையை இரண்டு பக்கமும் முழுக்க விலக்கிக் கட்டினாள். கட்டிலைப் பெர்னடெட்டும் அவளுமாகச் சேர்ந்து ஜன்னல் பக்கம் ஒரு சாண் இழுத்தார்கள்.

*

லெஸ் பப்பிலிருந்து இரண்டு பேரைத் தள்ளுவதற்குக் கூட்டி வந்தான். மூன்றாவது ஆளாக ரெக் கூப்பிடாமலே வந்தான், தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, செருப்புக் காலோடு.

"நெசமாவே வெளிய வருதா? நான் பாத்துட்டுத்தான் நம்புவேன்."

"பாரு. தள்ளிக்கிட்டே பாரு," என்றான் லெஸ்.

ரெக் காருக்குள் எட்டிப் பார்த்தான். "டோரீனா ஓட்டறது? ஏம்மா, நீ சைக்கிள்லயே பால்காரன் மேல ஏத்துனவ. எறங்கு. நான் பிடிச்சுக்கறேன்."

"பின்னால போ, ரெக்."

"நான் லைசன்ஸ் வச்சிருக்கேன்மா."

"தள்றதுக்கு லைசன்ஸ் கேக்க மாட்டாங்க. பின்னால போ."

தள்ளுகிறவர்கள் சிரித்தார்கள். ரெக்கும் சிரித்துக்கொண்டு பின்னால் போனான். டோரீன் ஹேண்ட் பிரேக்கை விட்டாள். கார் அசைந்தது. கராஜின் இருட்டிலிருந்து மூக்கு மெதுவாக வெளிச்சத்துக்கு வந்தது. லேசான தூறல். டயர்கள் ஈரச் சரளையில் நறநறத்தன. வீட்டுச் சுவர் இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நகர்ந்தது. இதுவரை நேர்பாதை. பிடியை இறுக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மூலை வந்தது. சரிவு ஆரம்பிக்கிற இடமும் அதுதான். பின்னால் தள்ளுவது நின்று, கார் தானாக உருள ஆரம்பித்தது.

"இடது!" என்றான் ரெக். "இடது ஒடி, டோரீன், இடது, இடது!"

அவன் குரல் காதில் ஏறியதும் அவள் கை ஒரு நொடி அவன் சொன்ன பக்கம் போயிற்று. மூக்கு வலது பக்கம் வேலியைப் பார்த்து முகத்தைத் திருப்பியது. பிரேக்கைப் பிடிக்கலாம். பிடித்தால் நிற்கும். நின்றால் ரெக் வந்து குனிந்து பார்ப்பான். அவள் ரெக்கின் குரலை விட்டாள். மூக்கைப் பார்த்தாள். வலது தோளைக் கொடுத்து வலது பக்கம் சுற்றினாள், முழுக்க. மூக்கு வேலியை விட்டு இடது பக்கம் வந்து, மூலையைச் சுற்றி, ஜன்னலுக்கு முன்னால் புகுந்தது.

அப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் வில்ஃப். தலை தலையணையில் சாய்ந்திருந்தது. முகம் அசையவில்லை. போர்வை மேல் கிடந்த இரண்டு கைகளும் லேசாக எழுந்து, விரல் வளைந்து, எதையோ பிடித்திருந்தன. நிமிர்த்துவதற்கு அவள் இடது பக்கம் சுற்றினாள். அந்தக் கைகளும் சுற்றின. காரின் மூக்கு போன பக்கம் அல்ல. அவள் கை போன பக்கம்.

கேட். வலது தூண் உண்மையிலேயே உள்ளே வந்துதான் இருந்தது. ஒரு விரல் இடைவெளியில் அதைத் தாண்டினாள். நடைபாதைக் கல்லில் டயர் ஏறி இறங்கியது. சாலைக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கார் நின்றது, வீட்டுக்கு வெளியே, தார்ச்சாலையில், மழையில்.

 ரெக் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி மாட்டினான்.

"பரவால்ல," என்றான். "வளைவுல கொஞ்சம் தடுமாறினே."

"வயசாயிருச்சுல்ல," என்றாள் டோரீன்.

*

அவள் உள்ளே போனபோது வில்ஃபின் கைகள் போர்வை மேல் இறங்கியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையை எடுத்துக்கொண்டாள். கை துடைக்க மறந்துவிட்டது. அவன் விரலிலும் கிரீஸ் ஒட்டியது.

"போல்ட்டு," என்றான். காதைக் கொண்டுபோனால்தான் கேட்டது. "பள்ளத்துல..."

"உக்காந்துருச்சு. நகம் வச்சுப் பாத்தேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு தூரம் தூரமாக வந்தது. லெஸ் கதவோரமாக நின்றான், உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. சாயங்கால வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு போனது, அடுத்ததற்கு எல்லாரும் காத்திருந்தார்கள். பெர்னடெட் கொஞ்ச நேரம் கழித்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்தாள். ஈரக் காற்று வந்தது. டோரீன் அந்த இடைவெளி வழியாகச் சாலையைப் பார்த்தாள். கார் அங்கேதான் நின்றது. யாரோ அதன் இருக்கையில்லாத பள்ளத்தின் மேல் ஒரு தார்ப்பாய் போட்டிருந்தார்கள். ரெக் வீட்டுத் தார்ப்பாய்.

டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சவ அடக்கம் செய்கிற கறுப்புக் கோட்டு ஆட்கள் வந்தார்கள். தெருவில் செய்தி போய்விட்டது. ஒவ்வொரு வீடாகத் துக்கத்துக்குத் திரை மூடியது. வில்ஃபை அவர்கள் அந்தக் கேட் வழியாகத்தான் கொண்டுபோனார்கள், காரைச் சுற்றிக்கொண்டு. ரெக் அவன் வாசலில் செருப்போடு நின்றான், தொப்பி கையில். அவர்கள் வண்டிக் கதவைச் சாத்திக் கிளம்புகிற வரைக்கும் நின்றான். பிறகு டோரீனிடம் வந்தான்.

"காருதான் முதல்ல," என்றான்.

"ஆமா," என்றாள் டோரீன்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன்."

"சொல்லு."

அவனுக்கு இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.  "மழையில கெடக்க வேண்டாம்," என்றான் கடைசியில். "உள்ள தள்ளிரலாம். நீ போய்ப் படு. நான் பிடிச்சுக்கறேன்." காருக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கி ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டான்.

"ரெக். காலை எடு."

குரலை அவள் உயர்த்தவில்லை. அவன் எடுத்தான்.

அவளே உட்கார்ந்தாள். லெஸும் ரெக்கும் மற்ற இருவரும் முன்பக்கம் பிடித்துச் சரிவில் மேலே தள்ளினார்கள், பின்னோக்கி. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். தூண், ஜன்னல், மூலை, சுவர். ஜன்னலைத் தாண்டும்போது உள்ளே பார்க்கவில்லை. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. இந்தத் தடவை ரெக்கும் கத்தவில்லை.

ரெக்கும் மற்றவர்களும் போனதும் கராஜ் கதவை உள்ளேயிருந்து இழுத்து மூடித் தாழ்ப்பாள் போட்டாள். விளக்கைப் போட்டாள். லெஸ் சுவரோரம் நின்றான்.

"டீ போடட்டுமா, அண்ணி?"

"ஜாக்கிய எடு."

"இன்னிக்கா?"

"ரெண்டு நாள்னு நீதானே சொன்னே?"

லெஸ் அவளைப் பார்த்தான். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஜாக்கியை இழுத்தான். இரும்பு சிமெண்டில் உரசிய சத்தம் கராஜ் முழுக்கக் கேட்டது. காரின் முன்பக்கத்துக்கு அடியில் அதை உருட்டிவிட்டு, கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

"தூக்கறதுக்கு முன்னாடி நட்டை இளக்கிக்கணும்," என்றான்.

"தெரியும்."

டோரீன் முன்சக்கரத்துக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள். முதல் நட்டில் ஸ்பானரை வைத்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று யோசிக்க வேண்டியிருந்தது.